தேனி ஜாதகம்

அன்புள்ள கதிரவனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். தென்னையில் மறுபடியும் வண்டு விழுந்திருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

தேனி ஜாதகத்தையும் வேண்டாம் என்றாயாம். நீ அங்கே யாரையோ பார்த்து வைத்திருப்பதாக உன் அம்மா நினைக்கிறாள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. போனில் கேட்க வாய் வரவில்லை. விரை இறங்காததற்குச் சின்ன வயதில் உனக்குச் செய்த அறுவையின் டிஸ்சார்ஜ் சீட்டை, பீரோவிலிருந்து எடுத்து ஜெராக்ஸ் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வலது பக்கம் மட்டும்தான் என்று அதில் இருக்கிறது. மை மங்கிய இடத்தில் நானே பேனாவால் இழுத்திருக்கிறேன்.

விரை 6 மாதத்துக்குள் தானாகப் பைக்குள் இறங்காவிட்டால் பிறகு இறங்குவது அரிது, ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்கிறார்கள் இப்போது. உனக்கு 5 வயதில்தான் நடந்தது. அப்பத்தா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். போகட்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலானவர்கள் தகப்பனாகிறார்கள். இரண்டு பக்கமும் என்றால்தான் சிக்கல் அதிகம். ஊரார் கணக்கையெல்லாம் பிழையில்லாமல் பார்க்கிற பிள்ளை, உன் கணக்கைப் பார்க்காமலே நஷ்டம் என்று எழுதி மூடிவிடுவதா?

விந்துப் பரிசோதனை செய்துகொள். விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு முறை குறைவாக வந்தால் அதுவே முடிவல்ல, மறுபடி கேட்பார்கள். யூராலஜிஸ்டிடம் போ. மாதம் ஒரு ஊர் என்று லாட்ஜில் அறை போட்டு உட்காருகிற வைத்தியரிடம் போகாதே.

குழந்தையைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. இறங்காமல் இருந்த விரையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அறுவை செய்தாலும் அது முழுதாகப் போவதில்லை. அதுவும் பெரும்பாலும் உன் வயதுக்காரர்களுக்குத்தான் வரும். மாதம் ஒரு தடவை வெந்நீரில் குளித்த பிறகு இரண்டு பக்கத்தையும் விரலால் மெல்ல உருட்டிப் பார். கட்டி தட்டுப்பட்டால் உடனே போ. வலிக்கவில்லை என்று விட்டுவிடாதே, அது பெரும்பாலும் வலிக்காது.

முடிவு எதுவானாலும் நிச்சயத்துக்கு முன்பே பெண்ணிடம் சொல்லிவிடு. மறைத்துத் தாலி கட்டுகிற வேலை நம் வீட்டில் வேண்டாம்.

மாதம் ஒரு தடவை. மறக்காதே. யூராலஜிஸ்ட், லாட்ஜ் இல்லை.

தேனிக்காரரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தை முடியும் வரை பொறுப்பார். டாக்டரைப் பார்த்ததும் ‘பார்த்துவிட்டேன்’ என்று மட்டும் மெசேஜ் அனுப்பு. விவரம் எழுதாதே, அம்மா என் போனை எடுத்துப் பார்க்கிறாள்.

அப்பா