வரியில்லாச் சம்பளமும் 182 நாள் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பள்ளிகளுக்குப் பணியாற்றச் செல்லும் இந்திய ஆசிரியர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, அங்கு ஈட்டும் சம்பளத்துக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஆளெடுக்கும் முகவர்களும் இதையே சொல்லி வருகிறார்கள். பணிக்காலத்தின் நடு ஆண்டுகளுக்கு இது சரி. ஆனால் புறப்படும் ஆண்டுக்கும் திரும்பும் ஆண்டுக்கும் பொருந்தாமல் போகலாம் என்பதை, மூன்று கல்வியாண்டுகள் வெளிநாட்டில் கணிதம் கற்பித்துத் திரும்பியவள் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

இந்திய வருமான வரிச் சட்டம் சம்பளம் எந்த நாட்டில் கிடைத்தது என்பதற்கு முன்பாக, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் நாம் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தோம் என்பதைத்தான் பார்க்கிறது. வேலைக்காக நாட்டைவிட்டுப் புறப்படும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இங்கே இருந்திருந்தால், சட்டத்தின் பார்வையில் அவர் இந்தியாவில் வசிப்பவர். அப்போது உலகின் எந்த மூலையில் ஈட்டிய வருமானமும் இங்கே வரிக்கணக்கில் சேரும். பல நாடுகளில் கல்வியாண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் நீண்ட விடுமுறை விடுவதால், மற்றத் தொழில்களைவிட ஆசிரியர்களே இந்தக் கணக்கில் எளிதாகச் சிக்குகிறார்கள்.

நான் சிக்கியதும் அப்படித்தான். செப்டம்பர் 10 அன்று விமானம் ஏறியபோது ஏப்ரல் முதல் 163 நாட்கள் ஆகியிருந்தன. டிசம்பர் விடுமுறையில் வந்து 21 நாட்கள் தங்கினேன். மொத்தம் 184. இரண்டே நாட்கள் முன்னதாகத் திரும்பியிருந்தால்கூட 182 ஆகியிருக்கும். மூன்று நாட்கள் குறைத்திருந்தால்தான் தப்பியிருப்பேன். கணிதம் கற்பிப்பவளுக்கு இந்தக் கூட்டல் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். நான் பணியாற்றிய நாட்டில் வருமான வரியே இல்லாததால், அங்கே கட்டிய வரியைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான முழுச் சம்பளத்துக்கும் வரி கட்டினேன். முன்கூட்டிய வரி செலுத்தாததற்கு வட்டி தனி.

வரி விதிக்கும் நாடுகளுக்குச் செல்வோருக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்கள் ஓரளவு உதவும். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள அதற்கென உள்ள தனிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளுடனான ஒப்பந்தங்களில், கற்பிப்பதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு மிகாமல் செல்வோருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கைத் தருவது கற்பிக்கச் செல்லும் நாடு. இங்கே வசிப்பவராகக் கணக்கிடப்படுபவருக்கு இந்திய வரியிலிருந்து அது விலக்கு அளிப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

திரும்பும் ஆண்டும் இதே போன்றதுதான். ஜூன் கடைசியில் கல்வியாண்டு முடிந்து நாடு திரும்புபவர், மார்ச்சுக்குள் 270 நாட்களுக்கு மேல் இங்கே இருந்துவிடுவார். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு, திரும்பிய பின்னும் சில காலம் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி கேட்காத ஓர் இடைநிலைச் சலுகை சட்டத்தில் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்புவோருக்கு அது கிடைக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சம்பளம் மட்டுமல்லாமல், அங்கே விட்டுவந்த வங்கிக் கணக்கையும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும்.

நடு ஆண்டுகளில் வெளிநாட்டுச் சம்பளத்தைப் பற்றிக் கவலையில்லை என்றாலும், வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டுவிடுவது நஷ்டம். வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கின் வட்டியில், வரியின் மேல் விதிக்கும் செஸ்ஸுடன் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துவிடுகிறார்கள். இந்திய வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். 12 லட்சம் வரை வரியில்லை என்ற 2025 பட்ஜெட் அறிவிப்பை நம்பியும் இருந்துவிடக் கூடாது. அது வசிப்பவர்களுக்கான தள்ளுபடி. தாக்கல் செய்தது நாம்தான் என்று 30 நாட்களுக்குள் சரிபார்க்கவும் வேண்டும். ஆதார் ஓடிபி வரும் இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருந்தால், நெட் பேங்கிங் வழியாகச் சரிபார்க்கலாம், அல்லது கையொப்பமிட்ட ஒப்புகைப் படிவத்தைப் பெங்களூரு மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம்.

ஆகவே, இத்தகைய கட்டுரை இனி வெளியாகும்போது புறப்படும் தேதிக்கேற்ற நாள்கணக்கு அட்டவணை ஒன்றையும் உடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயணச் சான்றுகளைப் பத்திரப்படுத்தி வைக்கும்படியும் ஒரு வரி எழுதலாம். விமான நிலையங்களின் தானியங்கி வாயில்கள் வழியாகச் சென்றால் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. நாள்கணக்கை நிரூபிக்கப் பின்னால் போர்டிங் பாஸைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கணித ஆசிரியை