குசினியில் இருக்கின்றன வாத்தியங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்றும் வாங்க வேண்டாம், பிள்ளையைக் குசினிக்குள் விடுங்கள் என்றுதான் சொல்லுவேன். பட்டனை அமத்தினால் தானாகவே பாடுகிற விளையாட்டுச் சாமானில் பிள்ளை செய்வதற்கு என்ன இருக்கிறது?

ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்கள் நாலைந்து எடுங்கள். வெவ்வேறு அளவுக்குத் தண்ணீர் விட்டு, கரண்டியால் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடின போத்தல் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். அப்புறம் அதே போத்தல்களின் வாயில் ஊதச் சொல்லுங்கள். இப்போது தண்ணீர் கூடினதில்தான் சுருதி உயரும்! பிள்ளைகள் மலைத்துப் போவார்கள். தட்டும்போது அதிர்வது போத்தலும் தண்ணீரும். பாரம் கூடினால் அதிர்வு மந்தமாகும். ஊதும்போது அதிர்வது உள்ளே மிச்சமுள்ள காற்று. அது குறையக் குறையச் சுருதி ஏறும். ஜலதரங்கக் கிண்ணங்களுக்கும் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துத்தான் சுருதி சேர்க்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. இரண்டு போத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காது பிடித்தால் போதும்.

பூவரசம் இலையைச் சுருட்டி, நுனியை மெல்ல நசித்து ஊதினால் பீப்பீ. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளி செய்வதும் இதே வேலைதான். தவிலும் நாதஸ்வரமும் செழித்த இணுவிலிலும் அளவெட்டியிலும் வளர்கிற பிள்ளை இதைத் தெரியாமல் வளரலாமா? ஆனால் பூவரச வேலிகள் போய் எங்கும் மதில்களாகிவிட்டன. எனக்கு அதில் மெத்த வருத்தம்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏறுகிற பட்டங்களில் கட்டுகிற, விண் என்ற கூவும் வில்லும் என் கணக்கில் வாத்தியந்தான். வில்லில் இழுத்துக் கட்டின நாடாவைக் காற்று அதிரவைக்கிறது. இறுக்கியும் தளர்த்தியும் கூவலைச் சரிபார்க்கிற பொடியன்களுக்கு அந்தக் காது ஞானத்தை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சிரட்டை இரண்டு இருந்தால் தாளம். பால்மாப் பேணிக்குள் ஒரு பிடி பயறு போட்டால் கிலுக்கு. ஆனால் மூடியை நன்றாக ஒட்டிவிட வேண்டும். சின்னதுகள் பயறை மூக்குக்குள் போட்டுக்கொள்ளும். ரின்னை வெட்டினால் விளிம்பு கையைக் கிழிக்கும். கழற்றிப் பூட்டுகிற மூடியுள்ள பேணிதான் நல்லது.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு செய்முறையைப் படத்துடன் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகை வருகிற சனசமூக நிலையங்களும், விடுமுறை நாட்களில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் கூடி இவற்றைச் செய்ய இடம் தரலாம். சத்தம் வரும்தான், பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். செய்முறைகளை எழுதி, படங்களையும் வரைந்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
இணுவில்.