பழைய மருந்துதானே என்று நினைக்காதே

அன்புள்ள கோமதிக்கு,

"புது மருந்து கண்டுபிடிக்கலாம்னு வந்தா, பழசைத் தூசி தட்டச் சொல்லுதாங்கப்பா" என்று, லேபில் பழைய ஆன்டிபயாட்டிக்குகளை மீட்கும் ஆய்வைக் கொடுத்ததற்குப் போனில் அலுத்துக்கொண்டாய். பேசினால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஆச்சிக்கு நீர்க்கடுப்பு. சிறுநீரில் வளர்ந்த கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில், நம் மருந்துக் கடையில் தினமும் விற்கும் மாத்திரைகளுக்கு நேரே எல்லாம் 'ஆர்', 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது மருந்துக்கு அடங்காதது) என்றே இருந்தது. டாக்டர் ஃபாஸ்ஃபோமைசின் எழுதினார். மூன்று கிராம் பொடி, தண்ணீரில் கரைத்து ஒரே வேளை. "இம்புட்டுதானா மருந்து?" என்று ஆச்சிக்கு நம்பிக்கையே இல்லை. சரியாகிவிட்டது. 1969-ல் ஸ்பெயினில் கண்டறிந்த மருந்து அது, உன்னைவிட மூத்தது.

அஸ்ட்ரியோனாம் இன்னும் ருசியான விஷயம். எண்பதுகளில் வந்த ஆன்டிபயாட்டிக் ஊசி. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையே உடைத்துப்போடும், சில கிருமிகள் சுரக்கும் என்டிஎம் நொதியால் இதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதே கிருமி வைத்திருக்கும் வேறு நொதிகள் இதை உடைத்துவிடும். அவற்றை அடக்க அவிபாக்டாமைக் கூடச் சேர்த்ததும் பழைய ஊசி மறுபடி வேலை செய்கிறது. இந்த ஜோடியை யோசித்தவர்கள் தூசி தட்டினார்கள் என்றா சொல்வாய்?

பழைய மருந்து உடம்பில் என்ன செய்யும் என்று முன்பே தெரிந்திருப்பதால் பல வருஷச் சோதனை மிச்சம். ஆனால் அந்தக்கால டோஸ் கணக்கை மட்டும் அப்படியே நம்பாதே. கோலிஸ்டின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்கைப் பார். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எழுபதுகளில் ஒதுக்கினார்கள். வேறு எதற்கும் அடங்காத கிருமிகள் ஐசியூவுக்குள் வந்ததும் திரும்ப எடுத்தார்கள். எவ்வளவு கொடுப்பது என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. இதற்கிடையில் கோழித் தீவனத்திலும் அதையே கலந்தார்கள். கோலிஸ்டினுக்கு அடங்காமல் செய்யும், கிருமிக்குக் கிருமி தாவும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீனாவில் கண்டது 2015-ல். நம் நாட்டில் பண்ணைகளில் கோலிஸ்டினுக்குத் தடை வந்தது 2019-ல்.

எனக்குக் கவலை உன் லேப் இல்லை, நம்ம பாளையங்கோட்டைதான். சிவப்புக் கோடு போட்ட மாத்திரை அட்டை, டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால், "எதுத்த கடையில தாராங்களே அண்ணாச்சி" என்கிறார்கள். காய்ச்சலுக்கு ரெண்டே ரெண்டு அசித்ரோமைசின் கேட்கிறார்கள், அதுவும் ஆன்டிபயாட்டிக் கேட்காத வைரஸ் காய்ச்சலுக்கு! நீங்கள் மீட்டுத் தருவதும் இந்தக் கவுண்டர் வழியாகத்தானே போகணும். உன் ஆய்வறிக்கையில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. என்ன தகவல் வேண்டுமானாலும் கேள், தருகிறேன்.

பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போட்டுவிடு. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா