பொங்கல் முடியட்டும், அப்புறம் ஊசியைப் பேசலாம்

ராயபுரம்,
டிசம்பர் 19

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு போனை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். ஹாலில் மருமகள் இருக்கிறாள், பேரன் மடியில் ஏறி விளையாடுகிறான், இதையெல்லாம் எப்படிப் பேசுவது? நீயும் அதனால்தான் பேனாவை எடுத்திருப்பாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பென்ச்சில் உட்கார்ந்த நாளிலிருந்து பழகுகிறோம். உடம்பைப் பற்றி இவ்வளவு மனசு விட்டு நீ எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதினாயே, அதுவே எனக்கு நிம்மதி.

முதலில் இங்கத்திய சேதி. ராயப்பர் கோயிலைச் சுற்றித் தெருவெல்லாம் ஸ்டார் தொங்குகிறது. கீழ் வீட்டு அக்கா நேற்று கல்கல் சுட ஆரம்பித்துவிட்டார். சின்னச் சின்ன உருண்டையை ஃபோர்க் முதுகில் வைத்து அழுத்தி உருட்டி எடுப்பதை உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே வேகம், அதே கை. காசிமேட்டில் மார்கழி என்று மீன் வியாபாரம் கொஞ்சம் டல்லுதான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரண்டு நாளும் வருஷப் பிறப்புக்கு முந்தின நாளும் ஐஸ் கேட்டு அடித்துக்கொள்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கே நான் ஐஸ் உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உடம்பில் தெம்பில்லை, சும்மா சும்மா எரிச்சல் வருகிறது, ஆசையும் குறைந்துவிட்டது, டெஸ்ட் எடுத்தால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 240 என்று வந்திருக்கிறது, ஜிம் மாஸ்டர் அதை ஏற்றுகிற ஊசி வாங்கித் தருகிறேன் என்கிறார். இவ்வளவுதானே? மச்சான், அந்த ஊசியைப் பொங்கல் முடியும் வரைக்கும் தொடாதே. இதை உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பதாக வைத்துக்கொள்.

போன ஜனவரியில் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். உன்னிடம் சொல்லவில்லை, அது என் தப்பு. புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள், ஒரு லேப்பில் சாயங்காலம் ஆறு மணிக்கு ரத்தம் கொடுத்தேன். முந்தின பத்து நாளும் சராசரி பார்த்தால் ஒரு ராத்திரிக்கு நான்கு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டேன். மத்தியானம் பிரியாணியும் கூல்டிரிங்கும். ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவர் முழுக்க 'ஆண்மைக் குறைவா? கவலை வேண்டாம்' என்று போஸ்டர். லாட்ஜ் பெயர், அறை எண், வைத்தியர் வரும் தேதி. சின்ன வயசிலிருந்து பார்த்துக் கடந்து போன போஸ்டர்தான். அன்றைக்கு நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

நல்ல வேளை, அதற்கு முன்னால் ஒரு பொது மருத்துவரைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பது. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும். அதனால் காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது, வேறொரு நாள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பெரும்பாலான லேப்களில் டெசிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை சரியான அளவு என்று போட்டிருப்பார்கள். வெறும் வயிறு எதற்கு என்று கேட்டேன். 74 ஆண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சராசரியாக 25 சதவீதம் இறங்கியிருக்கிறது, இரண்டு மணி நேரம் கழித்தும் ஏறவில்லை என்றார். முக்கால் லிட்டர் கூல்டிரிங் பாட்டிலில் ஏறக்குறைய அவ்வளவு சர்க்கரை இருக்கிறது. நான் அன்று மத்தியானம் குடித்தது அதுதான்.

நீ எப்போது கொடுத்தாய்? கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்குப் போய்வந்த மறுநாள் சாயங்காலம் என்று நீயே எழுதியிருக்கிறாய். ராத்திரி பஸ்ஸில் ஓசூருக்குத் திரும்பி, நேராக ஷிஃப்ட்டுக்குப் போய், அப்புறம் லேப்புக்கு. அந்த 240 உன் உடம்பின் கணக்கு இல்லை மச்சான், அந்த ஒரு நாளின் கணக்கு.

இதில் எனக்கு மனசில் ஆழமாகப் பதிந்தது தூக்கம்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். 2011-ல் வெளியான ஆராய்ச்சி. சராசரி வயசு 24, எல்லோரும் ஆரோக்கியமான பையன்கள். பகல் நேர ஹார்மோன் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிட்டது. வயசாவதால் வருஷத்துக்கு ஒன்று, இரண்டு சதவீதம் குறையும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு வாரம் கண் விழித்ததில் அந்தப் பையன்கள் ஏறக்குறைய பத்து வருஷ மூப்பைப் பார்த்துவிட்டார்கள். ராத்திரி நாம் தூங்கும்போதுதான் மூளையிலிருந்து விரைக்குத் தகவல் ஒழுங்காகப் போய் இந்தச் சுரப்பு ஏறுகிறது. தூக்கம் கெட்டால் காலை உச்சமே வராது.

நம் ஏரியாவில் இந்த மாதம் யார் தூங்குகிறார்கள்? ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்கு வேனில் கேரல் பாட வருவார்கள், கதவைத் திறந்து நின்று கேட்டுவிட்டுத்தான் படுப்போம். விடிகாலை ஐந்துக்குக் கோயில் ஸ்பீக்கர். இரண்டும் எனக்குப் பிடித்த சத்தம், நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் விட்டதைப் பகலில் பிடிக்கிறேன். இந்த வருஷம் மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் கதவைச் சாத்திப் படுத்துவிடுகிறேன், போனை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு. கேரல் வராத நாளில் ஒன்பதரைக்கே படுக்கை. மூன்று வாரமாகச் செய்கிறேன். எரிச்சல் குறைந்ததை அவள்தான் முதலில் சொன்னாள்.

நீ குறட்டை விடுவாய் என்பது எனக்குத் தெரியும், ஏலகிரி டூரில் அறையே அதிர்ந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று தங்கச்சியிடம் கேள். அப்படி இருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் அது தூக்கமே இல்லை. அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்.

குடியைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். பீர்தானே, லேசுதானே என்பாய். 650 மில்லி பாட்டில் இரண்டு உள்ளே போனால் லேசு எங்கே இருக்கிறது? எந்த மதுவும் விரையையும் தாக்கும், மூளையிலிருந்து வருகிற தகவலையும் மட்டுப்படுத்தும். குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பதும் பாதி உண்மைதான், பின்னிரவுத் தூக்கத்தைக் கிழித்துவிடும். அதன் பிறகு தொப்பை. தொப்பைக் கொழுப்பில் இருக்கிற ஒரு நொதி, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. இருக்கிறதையே அது தின்றுவிடுகிறது. போன வருஷம் என் இடுப்பு 40 அங்குலம். இப்போது 37. காலையில் ராபின்சன் பூங்காவில் ஆறு சுற்று நடந்து, கடைசியில் திண்ணையைப் பிடித்து முப்பது தண்டால். வாரம் மூன்று நாள் ஐஸ் பாரை நானே இறக்குகிறேன், அதுதான் எனக்கு ஜிம்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. முருங்கைக்காயும் நண்டும் ஒரே ராத்திரியில் ஒன்றும் செய்யாது. ஜிங்க், வைட்டமின் டி குறைவாக இருக்கிறவனுக்கு மாத்திரை உதவும், சரியாக இருக்கிறவனுக்கு அது வெறும் செலவு. மத்தியும் முட்டையும் பருப்பும் ஒழுங்காகச் சாப்பிடு. கேக் வரும்போது ஒரு துண்டு சாப்பிடு, மனசு நோகடிக்காதே.

இப்போது அந்த ஊசி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்துத் தகவல் அனுப்புவதையே நிறுத்திவிடும். விரை வேலை செய்யாமல் சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு இல்லாமலே போகும். நிறுத்தின பிறகு திரும்ப மாதக்கணக்கு ஆகும். ரத்தமும் கெட்டியாகும், அதனால் நிஜமாகவே குறைபாடு உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் அடிக்கடி ரத்தம் சோதித்துக்கொண்டே இருப்பார். ஜிம் மாஸ்டர் சோதிப்பாரா? உன் பையனும் அதே ஜிம்முக்குப் போகிறான் என்றாய். அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் பேசப் போகிறீர்கள். இந்த வரியை அவனிடம் அப்படியே படித்துக் காட்டு.

இன்னொன்றும் இருக்கிறது, நீ ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போனது. விறைப்பு சரியாக இல்லை என்றால் அது ஹார்மோன் மட்டும் இல்லை. அங்கே போகிற ரத்தக் குழாய் இதயக் குழாயைவிட மெல்லியது, அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். உன் அப்பா எந்த வயசில் போனார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், தைராய்டு எல்லாம் சேர்த்துப் பார். இதற்குப் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் போ. நடக்கும்போது நெஞ்சில் பாரமோ மூச்சு வாங்கலோ இருந்தால் அன்றைக்கே போ. வெட்கப்படாதே.

ஹார்மோன் டெஸ்ட் மட்டும் காணும் பொங்கல் கழியட்டும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் எடுக்காதே, சளி காய்ச்சல் இருக்கும்போதும் எடுக்காதே. பத்து நாள் ஒழுங்காகத் தூங்கியபின் எடு. நான் அப்படித்தான் போன பிப்ரவரியில் இரண்டு தடவை எடுத்தேன், 410, 435. ஊசியும் இல்லை, லேகியமும் இல்லை.

பொங்கலுக்கு இங்கே வந்துவிடேன். காணும் பொங்கல் முடிந்து நான்கு நாள் மொட்டை மாடி அறையில் தங்கு, அங்கே ஸ்பீக்கர் சத்தம் குறைவு. பெட்டியில் ஷூவைப் போட்டுக்கொண்டு வா. கீழ் வீட்டு அக்கா உனக்கென்று ஒரு டப்பா கல்கல் எடுத்து வைத்திருக்கிறார். எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது, பாதாளம் வரை போய்வந்த மாதிரி இருக்கிற அந்த முகத்தை ஸ்டேஷனிலேயே பார்த்துவிடுகிறேன்.

உன்
மச்சான்