உரிமம் ஒருவர் பெயரில், ஷெட் இன்னொருவர் கையில்

மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் சிவகாசி அலுவலகத்துக்கும், விருதுநகர் மாவட்ட நிர்வாகத்துக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரிய அதிகாரிகளே, வணக்கம்.

பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்த மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு, உரிமம் தற்காலிக ரத்து, நிவாரணம் அறிவிப்பு. கொஞ்ச நாளைக்கு ஜீப்புகள் ஓடும். ஆய்வுக்குப் பயந்து சில ஆலைகள் பூட்டிக் கிடக்கும். அப்புறம் எல்லாம் பழையபடி.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உள்குத்தகையைப் பிடியுங்கள்.

உரிமம் வாங்கியவர் ஆலையைத் தான் நடத்தாமல், ஷெட் ஷெட்டாகப் பிரித்து ஆளாளுக்கு விட்டுவிடுகிறார். எடுத்தவர் குத்தகைப் பணத்துக்கு மேல் காசு பார்க்க வேண்டும், அதுவும் தீபாவளிக்குள். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் கூடுதலாக ஆள் உட்காருவதும், இடம் பத்தாமல் மரத்தடியில் வேலை நடப்பதும் இப்படித்தான். அன்றன்றைக்குக் கலந்த வெடிமருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும் என்பது வெடி ஆபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். ஆனால் பீஸ் ரேட்டில் ஓடுகிற இடத்தில் மீந்த மருந்தைக் கொட்டி அழிக்க யாருக்கு மனசு வரும்? மறுநாள் காலையில் அதே அறைக்குள் ஒரு பெண் போய் உட்காருகிறாள்.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆலையும் உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகத்தான் பிறகு வெளியே வந்தது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் இன்னொரு ஆலை வெடித்து கிட்டத்தட்ட 40 உயிர்கள் போயின. விதிமீறலுக்காக உரிமத்தை நிறுத்திவைத்த பிறகும் அங்கே வேலை நடந்துகொண்டிருந்ததாக அப்போதே செய்தி வந்தது. உத்தரவு போட்டவர்கள் போய்க் கதவை அடைத்துச் சீல் வைத்திருந்தால் அந்த உத்தரவுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் உள்ளே நுழையவும், சோதனையிடவும், சரக்கைப் பறிமுதல் செய்யவும், தேவைப்பட்டால் அழிக்கவும் வழி தருகிறது. உரிமத்தை நிறுத்திவைப்பதும் ரத்து செய்வதும் அதே சட்டத்தில்தான் இருக்கின்றன. மாவட்ட நிர்வாகத்தில் வருவாய் அலுவலர் கொடுக்கும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் ஆனாலும், பெசோவின் தலைமையகம் கொடுக்கும் நாக்பூர் லைசென்ஸ் ஆனாலும், கொடுத்தவர் கையில் பிடி இருக்கிறது.

உள்குத்தகையை நிரூபிப்பது கஷ்டம் என்று சொல்வீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருக்காதுதான். ஆனால் சனிக்கிழமை சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது? அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் யார் பெயரில் பில் போட்டு வருகின்றன? வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்களும் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிற ஆட்களும் ஒன்றா? பி.எஃப். யார் கணக்கிலிருந்து கட்டப்படுகிறது? அளவு நாடாவும் ஆள் எண்ணிக்கையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இந்தக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும், ஷெட் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தொழிலாளர்களிடம் தனியாக, முதலாளியும் போர்மேனும் இல்லாத இடத்தில் கேளுங்கள். பேர் வெளியே வராது என்ற நம்பிக்கை இருந்தால் அவர்கள் சொல்வார்கள்.

போர்மேனை மட்டும் பிடித்து உள்ளே வைப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. அவர் தவறு செய்திருந்தால் தண்டனை வரட்டும். ஆனால் எத்தனை பேரை உட்கார வைப்பது, எவ்வளவு மருந்து கலப்பது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவர் இல்லை. உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரும், ஷெட்டை எடுத்தவரும் முதல் குற்றவாளிகளாக வழக்கில் வர வேண்டும்.

ஆலையை மூடினால் கூலி போகும் என்ற பயமும் எங்கள் ஊர்களில் உண்டு, அதுவும் நியாயம்தான். அதனால் பூட்டுகிற நாட்களுக்கான கூலியை உரிமதாரர்தான் கொடுக்க வேண்டும் என்று பூட்டும்போதே சொல்லுங்கள்.

அடுத்த சீசன் ஆர்டர்கள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு ஆலை வாசலிலும் தமிழில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். உரிமதாரர் யார், அறைக்கு எத்தனை பேர், கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, அதில் என்ன குறை கண்டார்கள், யாரிடம் புகார் சொல்லலாம் என்பதெல்லாம் வேலைக்கு வருகிறவர்கள் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டாசுத் தொழிலாளி ஒருவரின் மகள்,
சாத்தூர் வட்டம்