உம்மாவின் சமையல் நோட்டு

கீழக்கரை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. பரணில் கிடைத்த உம்மாவின் சமையல் நோட்டோடுதான் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தேன். முழுக்க அரபுத் தமிழ். எழுத்து அரபி, பேச்சு நம் வீட்டுத் தமிழ். எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வரும். எங்கள் தெருவில் எண்பது வயது மாமி ஒருவர் வரிவரியாக வாசித்துக் கொடுத்தார்.

1951இல் வந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' எல்லாவற்றையும் அளந்து சொல்லும். உம்மாவிடம் அந்த அளவெல்லாம் இல்லை. 'பன்னிரண்டு சஹனுக்கு' என்று தொடங்குவார். நாலைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோமே, எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நீயும் சாப்பிட்டிருக்கிறாய். பக்கம் போகப் போக அது எட்டாகிறது, அப்புறம் மூன்று. வாப்பாவும் மாமாக்களும் கொழும்புக்குப் போன காலம். யார் எப்போது போனார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. சஹன்தான் குறைகிறது.

ஒரு பக்கத்தில் நோன்புக் கஞ்சி. ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதம் என்று மட்டும் இருக்கிறது, வருடம் இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில், 'பாலம் போச்சு. கப்பல் இல்லை. கடுதாசி இல்லை.' படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்து, பாம்பன் பாலத்தை உடைத்த புயல்தான் அது. அந்த வருடம் ஷஃபான் டிசம்பரில்தான் வந்தது. அப்போது தனுஷ்கோடியிலிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் போகும்; தபாலும் அதில்தான். கடலில் போன ரயிலைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம். அக்கரையில் புருஷனை விட்டுவிட்டு, அடுப்படியில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டே கடுதாசிக்குக் காத்திருந்தவளைப் பற்றி யார் எழுதினார்கள்? உம்மா எழுதியிருக்கிறார், மூன்றே வரி.

அடுத்த பக்கம் எங்கள் ஊர் இனிப்பு, தொதல். கருப்பட்டி, தேங்காய்ப்பால், எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் வரும்வரை கிண்டவேண்டும் என்று. மணிக்கணக்கில் நிற்கவேண்டிய வேலை. கடுதாசி வந்திருக்கவேண்டும், மல்லிகா. இல்லாவிட்டால் உம்மா தொதல் கிண்டியிருக்கமாட்டார்.

பெண்கள் தங்கள் கதையை எழுதவில்லை என்று வகுப்பில் நாம் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு. நாம் தேடிய இடம்தான் வேறு.

சரி, தொண்டியில் உன் அத்தை வைத்திருந்த பால் கணக்கு நோட்டுகள் இன்னும் இருக்கின்றனவா? வீட்டை இடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். பழைய பேப்பர்காரர் வருவதற்கு முன்னால் எடுத்து வை. பொங்கல் லீவில் நான் வருகிறேன்.

உன்,
மும்தாஜ்