445 இலைகளும் 24 மில்லிகிராம் உப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி வந்த கட்டுரை, ட்ரோசீரா என்ற செடியின் இலையில் சுரக்கும் நீரில் நம் வயிற்றில் இருப்பது போலவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதாகவும் அதைக் கண்டறிந்தவர் சார்லஸ் டார்வின் என்றும் சொல்கிறது. இரண்டும் திருத்தப்பட வேண்டியவை. அந்த நீர் அமிலத்தன்மை கொண்டது என்பதை லிட்மஸ் தாளை வைத்து டார்வின் பார்த்தார். அது எந்த அமிலம் என்று சொல்லும் வசதி கென்ட் மாவட்டத்தில் இருந்த அவர் வீட்டில் இல்லை. அதனால் லண்டனில் இருந்த வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லண்டிடம் கடிதம் மூலம் கேட்டார். வந்த பதிலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் சுவடுகூட இல்லை என்று தெளிவாக இருந்தது.

டார்வினின் கடிதத் தொடர்புகளில் பரிணாமக் கொள்கையைப் பற்றியவையே அதிகம் பேசப்படுகின்றன. 1873-ஐ ஒட்டி இந்த இருவருக்கும் இடையே நடந்த ட்ரோசீரா விவகாரத்தை மாணவர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரிடம் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும், மாதிரியை எப்படித் தயாரித்து அனுப்ப வேண்டும், கிடைத்த விடை எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது.

ஆளைத் தேர்ந்தெடுத்ததே முதல் பாடம். லண்டன் நகரத்துக் குடிநீரைத் தொடர்ந்து பகுப்பாய்வு செய்து வந்தவர் ஃபிராங்க்லண்ட். நிறைய நீரில் மிகக் குறைவாகக் கரைந்திருக்கும் பொருளைத் தேடிப் பிடிப்பது அவருடைய அன்றாட வேலை. டார்வினுக்குத் தேவைப்பட்டதும் அதே திறமைதான்.

அடுத்தது மாதிரி. இலையின் உணர்கொம்புகளில், அதாவது இலைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் போன்ற உறுப்புகளில், இருக்கும் துளி, பிசினைப் போன்றது. சுரண்டினாலும் கழுவினாலும் முழுதாக வராது. இலையைத் தூண்டினால்தான் சுரப்பு பெருகும், அமிலமும் கூடும். இறைச்சித் துண்டு வைத்தால் நன்றாகச் சுரக்கும். ஆனால் இறைச்சி கரைந்த குழம்பும் அதோடு சேர்ந்துவிடும். அதில் எது செடியின் அமிலம், எது இறைச்சியிலிருந்து வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. ஆகவே டார்வின் கண்ணாடித் துணுக்குகளைச் சுரப்பிகள்மேல் வைத்து 24 மணி நேரம் விட்டார். கண்ணாடி கரையாது, எதையும் சேர்க்காது. உறுத்தல் மட்டும் தரும். அமிலம் குறைவாகத்தான் கிடைக்கும் என்று தெரிந்தே, தூய்மைக்காக அளவை விட்டுக்கொடுத்தார். இப்படி 445 இலைகள் கழுவப்பட்டன. பருவமும் சாதகமாக இல்லை: ஆண்டின் பிற்பகுதி, குளிர்.

கழுவிய நீர் ஃபிராங்க்லண்டே கொடுத்த வாலை வடிநீர். இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடக் கூடாது. கிணற்று நீரில் குளோரைடும் சல்பேட்டும் எப்போதும் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்வு செய்த எந்த மாணவருக்கும் தெரியும்: குளோரைடு இருந்தால் சில்வர் நைட்ரேட்டில் வெள்ளை வீழ்படிவு வரும், சல்பேட் இருந்தால் பேரியம் குளோரைடில் வரும். சாதாரண நீரில் இலைகளைக் கழுவியிருந்தால் இரண்டு சோதனைகளும் ‘உண்டு’ என்று சொல்லியிருக்கும், தப்பு நீரிலிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றியிருக்காது. வேர்வை பட்ட விரலால் இலையைத் தொட்டாலும் இதே கோளாறு வரும்.

இனி பகுப்பாய்வு. ஹைட்ரோகுளோரிக், சல்ஃபியூரிக், டார்டாரிக், ஆக்ஸாலிக், ஃபார்மிக் ஆகிய ஐந்து அமிலங்களும் இல்லை என்பதை ஃபிராங்க்லண்ட் முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு மிச்ச நீரை ஏறக்குறைய வற்றும்வரை சுண்டவைத்து, சல்ஃபியூரிக் அமிலம் சேர்த்தார். வலுவான அமிலம் சேர்ந்ததும், உப்பாகக் கட்டுண்டிருந்த வலுவற்ற அமிலம் விடுபட்டு ஆவியாகிறது. அந்த ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கி, சில்வர் கார்பனேட்டோடு வினைபுரியவிட்டார். கிடைத்தது ஒரு வெள்ளி உப்பு. வரிசை மாறியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். குளோரைடு இருந்து அதைக் கவனிக்காமல் சல்ஃபியூரிக் அமிலத்தை ஊற்றினால், ஹைட்ரஜன் குளோரைடும் ஆவியாகப் போய் வெள்ளியோடு சேர்ந்து எடையைக் குழப்பிவிடும்.

இந்த வழியில் ஒரு பலவீனம் உண்டு. தேடிய அமிலம் ஆவியாகக் கூடியது. அசிட்டிக் அமிலம் 118 டிகிரி செல்சியஸிலும் புரோப்பியோனிக் அமிலம் 141 டிகிரியிலும் கொதிக்கும் என்றாலும், தனி அமிலமாக இருக்கும் பகுதி நீராவியோடு சேர்ந்து முன்பே கொஞ்சம் போய்விடும். இன்று செய்பவர்கள் முதலில் சிறிது காரம் சேர்த்து, அமிலத்தை உப்பாக்கிக் கட்டிய பிறகே சுண்டவைக்க வேண்டும்.

கடைசியில் தட்டில் நின்ற வெள்ளி உப்பு 0.37 கிரெயின் (பழைய எடை அலகு), அதாவது ஏறத்தாழ 24 மில்லிகிராம். துல்லியமாக மூலக்கூறு எடை காண இது போதவே போதாது என்று ஃபிராங்க்லண்ட் எழுதினார். கிடைத்த எண் புரோப்பியோனிக் அமிலத்துக்கு நெருங்கி வருகிறது. அதுவாகவோ, அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களின் கலவையாகவோ இருக்கலாம். எப்படியிருந்தாலும் அசிட்டிக் அமிலம் முதலான கொழுப்பமில வரிசையைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. இவ்வளவுதான் அவர் முடிவு.

ஏன் இந்த ‘அல்லது’? வெள்ளி உப்பை எரித்தால் தூய வெள்ளி மிஞ்சும், அதை எடைபோட்டு அமிலத்தின் மூலக்கூறு எடையைக் கணக்கிடலாம் என்பது அக்கால வேதியியலின் வழக்கமான முறை. சில்வர் அசிட்டேட்டில் வெள்ளி 64.6 சதவீதம், புரோப்பியோனேட்டில் 59.6, பியூட்டிரேட்டில் 55.3. 24 மில்லிகிராம் உப்பிலிருந்து மிஞ்சும் வெள்ளி முறையே 15.5, 14.3, 13.3 மில்லிகிராம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில்லிகிராம் அளவுதான். உப்பில் ஈரம் தங்கினாலும், வினைபுரியாத சில்வர் கார்பனேட் துளி கலந்திருந்தாலும் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கணக்கிலேயே இருக்கிறது. சில்வர் அசிட்டேட்டின் மூலக்கூறு எடை 167, பியூட்டிரேட்டின் எடை 195. இரண்டின் சராசரி 181. சில்வர் புரோப்பியோனேட்டின் எடையும் 181! அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்கள் சம மூலக்கூறு விகிதத்தில் கலந்திருந்தால், தூய புரோப்பியோனிக் அமிலம் தரும் அதே எண்ணைத்தான் தரும். 445 இலைக்குப் பதில் நாலாயிரம் இலை கழுவியிருந்தாலும் இந்த ஒரே எண்ணை வைத்து இரண்டையும் பிரித்திருக்க முடியாது. அமிலங்களைப் பகுதி பகுதியாக வடித்தோ, உப்புகளைப் பகுதி பகுதியாகப் படியவைத்தோ, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக எடை கண்டிருக்க வேண்டும். அதற்கு 24 மில்லிகிராம் எங்கே காணும்? ஃபிராங்க்லண்ட் தன் முறையின் எல்லையை அறிந்து எழுதியிருக்கிறார். டார்வினும் அதைக் கூட்டாமல் குறைக்காமல் 1875-இல் வந்த பூச்சியுண்ணும் தாவரங்கள் நூலில் அவருடைய சொற்களிலேயே அச்சிட்டார். எனக்கு இந்த நேர்மைதான் பெரிதாகப் படுகிறது.

அமிலத்தின் பெயர் முடிவாகாவிட்டாலும் அதன் வேலை என்ன என்பதை டார்வின் தன் வீட்டிலேயே நிறுவினார். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவை ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 1.27 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கி இலைமேல் வைத்தார். கனசதுரமாக நறுக்கியதற்குக் காரணம் உண்டு: செரிமானம் தொடங்கினால் முதலில் கூரிய விளிம்புகள்தான் மழுங்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தாலே தெரியும். அதே அளவுத் துண்டுகளை ஒப்பீட்டுக்காக ஈரப்பாசிமேலும் வைத்தார். அடுத்து, சோடா அல்லது பொட்டாஷ் கார்பனேட்டின் நீர்த்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக இலைமேல் இருந்த வெள்ளைக்கருத் துண்டின்மேல் இட, கரைவது நின்றது. பிறகு 200 பங்கு நீருக்கு ஒரு பங்கு என்ற அளவில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, அந்தக் காரத்தைச் சமன்செய்யும் அளவுக்கு மட்டும் சேர்த்தார். கரைவது மீண்டும் தொடங்கியது. அமிலம் மட்டும் போதாது, ஒரு நொதியும் வேண்டும், நொதி வேலை செய்ய அமிலச் சூழல் வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த விடை. ட்ரோசீராவின் புரதம் சிதைக்கும் நொதிகளில் சில, நம் வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதி சேர்ந்த அதே குடும்பத்தவை என்பதை இன்று அறிவோம். கட்டுரையாளர் வயிற்றோடு ஒப்பிட்டது அந்த அளவில் சரியே. ஒற்றுமை நொதியில்; அமிலத்தில் அல்ல. கட்டுரையில் வந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், டார்வின் சோதனைக்காக வெளியிலிருந்து சேர்த்த இந்த அமிலத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்திருக்கலாம்.

பள்ளியில் இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் காட்டில் பிடுங்காமல், தொட்டியில் வளர்த்த செடியைப் பயன்படுத்த வேண்டும். ஊற்றுவது மழைநீராகவோ வாலை வடிநீராகவோ இருக்கட்டும்; உப்பு நிறைந்த குழாய் நீர் இந்தச் செடிக்கு ஆகாது. வெள்ளைக்கருத் துண்டு ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். பெரிதாக வைத்தால் செரிப்பதற்குள் அழுகி, இலையும் கறுத்துச் சாகும். கார்பனேட் அளவு மிஞ்சினால் சுரப்பிகளே செத்துவிடும். அதன்பின் எவ்வளவு அமிலம் விட்டாலும் துண்டு கரையாது, மாணவர்கள் தவறான முடிவுக்குப் போவார்கள். காரமிட்ட ஓர் இலை, காரமும் அமிலமும் இட்ட ஓர் இலை, ஒன்றும் இடாத ஓர் இலை, ஈரப்பாசிமேல் ஒரு துண்டு என நான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

டார்வினின் கடிதங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட பதிப்புத் திட்டத்தால் 30 தொகுதிகளாக வெளிவந்துள்ளன. இணையத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஃபிராங்க்லண்டோடு நடந்த பரிமாற்றத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, வெள்ளி உப்புக் கணக்கையும் சேர்த்து, உங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பற்றிய திருத்தத்தை அதுவரை காத்திருக்க விடாமல் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே தந்தால் நல்லது. தேர்வுக்குக் குறிப்பெடுத்து வைத்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி